கடல் செத்த இடத்தில் ஒரு செடி!

ஒரு சின்ன ஜி.கே. டெஸ்ட்... உலகத்தின் நாலாவது பெரிய ஏரி எது?

செல்போனைத் தொடாமல் சொல்லுங்க பார்ப்போம். உங்க அப்பாவைக் கேட்டால், 'ஏரல் கடல்' என்று பட்டென்று சொல்லக்கூடும். அவர் படித்த ஜியாகிரஃபி புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. பரீட்சையில் அதற்கு மார்க்கும் விழுந்திருக்கும். இன்றைக்கு அதே பதிலை எழுதினால் முட்டைதான்! ஏனென்றால், அந்த ஏரியில் பத்தில் ஒன்பது பங்கு இப்போது இல்லை. காணாமல் போய்விட்டது!

பெயர்தான் கடல். நிஜத்தில் அது ஒரு பிரமாண்டமான உப்பு ஏரி. உஸ்பெகிஸ்தானுக்கும் கஜகஸ்தானுக்கும் நடுவில் இருக்கிறது. 1960-ல் அதன் பரப்பு சுமார் 68,000 சதுர கிலோமீட்டர். அதாவது, நம்ம தமிழ்நாட்டில் பாதியைவிடப் பெரிசு! அவ்வளவு தண்ணீரும் ஒரே ஒரு ஆயுசுக்குள் வற்றிப்போய், அந்த இடத்தில் இன்று ஒரு புத்தம்புது பாலைவனம் படுத்துக் கிடக்கிறது. 'ஏரல்கும்' என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். உலகத்தின் இளம் வயதுப் பாலைவனங்களில் ஒன்று. உங்க தாத்தாவைவிட வயதில் சின்னது!

ஆனால், நம்ம ஹீரோ அந்த ஏரி இல்லை. ஏரி செத்த தரையில், உப்புக்கு நடுவில், தண்ணீர் கேட்காமல் எழுந்து நிற்கிற ஒரு செடி. பெயர், சாக்சால்.

வெள்ளைத் தங்கம் கேட்ட விலை

முதலில் ஃப்ளாஷ்பேக்.

ஏரல் கடலுக்குச் சோறு போட்டது ரெண்டு ஆறுகள். ஒன்று, ஆமூ தர்யா. இன்னொன்று, சிர் தர்யா. ரெண்டும் மலையிலிருந்து இறங்கி, பாலைவனத்தைக் கடந்து, ஏரலில் போய் விழும். சோவியத் யூனியன் காலத்தில் மாஸ்கோவில் இருந்தவர்கள் மேப்பைப் பார்த்தார்கள். 'இந்தத் தண்ணி ஏன் சும்மா போய் ஏரியில் விழணும்? வாய்க்கால் வெட்டி வயலுக்குத் திருப்பினால் பருத்தி விளையுமே' என்று முடிவு கட்டினார்கள். பருத்திக்கு அங்கே செல்லப் பெயரே 'வெள்ளைத் தங்கம்'!

பருத்தி விளைந்தது. ஆனால், வெட்டிய வாய்க்கால்கள் பல இடங்களில் வெறும் மண் வாய்க்கால்கள். வயலுக்குப் போய்ச் சேர்ந்ததைவிட வழியில் மண் குடித்ததும், வெயில் குடித்ததும் ஏராளம். ஏரிக்கு வருகிற தண்ணீர் வருஷா வருஷம் குறைந்தது. 1980-களின் கடைசியில் ஏரி வடக்கு, தெற்கு என்று ரெண்டாகப் பிளந்தது. 2014-ல் தெற்கு ஏரலின் கிழக்குப் பகுதி முழுக்கக் காய்ந்தே போனது.

மொய்னாக் என்று ஒரு ஊர். உஸ்பெகிஸ்தானில், காரகல்பாக்ஸ்தான் பகுதியில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஜேஜே என்று இருந்த மீன்பிடித் துறைமுகம். மீனை டின்னில் அடைக்கும் ஃபேக்டரிகூட இருந்தது. இன்றைக்கு அங்கே போனால், மணல்மேல் வரிசையாகத் துருப்பிடித்த கப்பல்கள் நிற்கின்றன. தண்ணீர் எங்கே என்று கேட்டால், நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் கையைக் காட்டுவார்கள்!

'சரி, ஏரி வற்றிப்போச்சு. பாவம்தான். அதோடு கதை முடிஞ்சுதா?' என்று கேட்பீர்கள். இல்லை... அங்கேதான் கதையே ஆரம்பம்!

உப்பு பறக்கும் ஊர்

ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரை வெயிலில் வைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் போகும், உப்பு நிற்கும். ஏரலிலும் அதேதான் நடந்தது. தண்ணீர் ஆவியாகப் போய்விட்டது. உப்பு தரையிலேயே தங்கிவிட்டது. வெறும் உப்பு மட்டும் இல்லை. பருத்தி வயல்களில் அடித்த பூச்சி மருந்தும் உரமும் பல வருஷமாக ஆற்றோடு வந்து ஏரியின் அடியில் படிந்திருந்தன. தண்ணீர் இருந்தவரை அது மூடி போட்ட குப்பைத்தொட்டி. தண்ணீர் போனதும் மூடி திறந்துகொண்டது!

இப்போது காற்று அடித்தால் அந்தப் பொடி மேலே எழும்புகிறது. வருஷத்துக்குக் கோடிக்கணக்கான டன் தூசியும் உப்பும் இப்படிக் கிளம்புவதாக மதிப்பிடுகிறார்கள். வயலில் விழுந்தால் பயிர் கருகும். மூச்சில் போனால் நெஞ்சு கெடும். 2018 மே மாதக் கடைசியில் ஒரு பெரிய உப்புப் புயல் அடித்தது. காரகல்பாக்ஸ்தான், அதன் பக்கத்து மாகாணமான கோரெஸ்ம், எல்லை தாண்டி வடக்கு துர்க்மெனிஸ்தான்வரை வெள்ளைப் பொடி படிந்தது. மழைக்கு ஜன்னல் சாத்துகிற நமக்கு, உப்புக்கு ஜன்னல் சாத்துவது எப்படி இருக்கும் என்று கற்பனைகூடப் பண்ண முடியவில்லை.

அங்கே இருக்கிற மக்களுக்கு முன்னால் ரெண்டே கேள்விகள். ஒன்று, ஏரிக்குத் தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா? தெற்கு ஏரலைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட முடியாது. ரெண்டு, தண்ணீர் வராவிட்டாலும் இந்தத் தூசியை எப்படியாவது உட்காரவைக்க முடியுமா?

ரெண்டாவது கேள்விக்குக் கிடைத்த பதில்தான் சாக்சால்.

ஹீரோ என்ட்ரி... பில்டப் இல்லாமல்!

சாக்சாலைப் பார்த்தால் 'இதுவா ஹீரோ?' என்று தோன்றும். பச்சைப்பசேல் கிடையாது, நிழல் கிடையாது, கண்ணைப் பறிக்கும் பூ கிடையாது. கோணல்மாணலாக முறுக்கிக்கொண்டு நிற்கும் கட்டை. அதன் நுனியில் பச்சை நூலைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி மெல்லிய குச்சிகள். அவ்வளவுதான் கெட்டப்! அதனால், முதலில் ஒரு பயோடேட்டா பார்த்துவிடுவோம்.

பெயர்: சாக்சால். தாவரவியலில் ஹாலோக்ஸைலான். கறுப்பு, வெள்ளை என்று ரெண்டு முக்கிய வகைகள். உப்பு மண்ணில் தில்லாக நிற்பது கறுப்பு. வெள்ளைக்குப் பிடித்தது மணல் மேடு.

சொந்த ஊர்: மத்திய ஆசியா முழுக்க. ஈரானில் தொடங்கி மங்கோலியாவின் கோபி பாலைவனம்வரை சொந்தபந்தம் உண்டு.

உயரம்: பெரும்பாலும் ரெண்டு முதல் நாலு மீட்டர். நல்ல இடம் கிடைத்தால் அதற்கு மேலும்.

சொந்தக்காரர்கள்: இதுதான் சர்ப்ரைஸ்! நம்ம வீட்டுக் குழம்பில் கிடக்கிற முளைக்கீரை, தண்டுக்கீரை, பொரியலில் வருகிற பீட்ரூட், பாலக் எல்லாம் இதே குடும்பம்தான். வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளங்களின் ஓரத்தில் சிவப்பும் பச்சையுமாக முளைத்துக் கிடக்குமே உமரி, அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

ரசிகர்கள்: ஒட்டகங்கள். அப்புறம், சாக்சால் குருவி என்று இதன் பெயரையே வைத்துக்கொண்ட ஒரு சிட்டுக்குருவி இனம்!

சரி, எல்லாச் செடியையும் கொல்கிற உப்பு இதை மட்டும் ஏன் கொல்லவில்லை?

ஊறுகாய் போடுகிறவர்களுக்குத் தெரியும். எலுமிச்சை மேல் உப்பைப் போட்டால் அது உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியே இழுத்துவிடும். உப்பு மண்ணில் நிற்கிற சாதாரணச் செடியின் கதியும் அதுதான். சுற்றி ஈரம் இருந்தாலும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. சாக்சால் என்ன செய்கிறது? உப்போடு சண்டை போடாமல், அதைக் கொஞ்சம் உள்ளே எடுத்துக்கொள்கிறது. எடுத்ததைக் கண்ட இடத்தில் விடாமல், செல்லுக்குள்ளே இருக்கும் பை மாதிரியான அறைகளில் போட்டுப் பூட்டிவைக்கிறது. செடிக்குள்ளே உப்பு ஏறியதால், வெளியே இருக்கிற உப்பு மண்ணிலிருந்து தண்ணீரை இழுக்கிற பலமும் வந்துவிடுகிறது. எதிராளியின் ஆயுதத்தை வாங்கி அவனையே மடக்குகிற டெக்னிக்!

அடுத்தது இலை. இலை என்றால் வெயிலில் தண்ணீரை ஆவியாக்கிவிடும் ஜன்னல். 'எனக்கு ஜன்னலே வேண்டாம்' என்று சாக்சால் இலைகளைச் செதில் அளவுக்குச் சுருக்கிக்கொண்டது. சமையல் வேலையைப் பச்சைக் குச்சிகளே பார்த்துக்கொள்கின்றன. அதுவும் சோளமும் கரும்பும் பயன்படுத்துகிற, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவு பண்ணுகிற 'சி-4' முறையில். கோடை உச்சத்துக்குப் போனால், அந்தக் குச்சிகளிலும் கொஞ்சத்தை உதிர்த்துவிட்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும்.

மூன்றாவது வேர். மேலே கொஞ்சூண்டு வளர்வதற்குள் கீழே பல மடங்கு இறங்கிவிடும். வளர்ந்த செடியின் வேர் பத்து மீட்டருக்கு மேலும் போகும். அதாவது மூணு மாடிக் கட்டடத்தைத் தலைகீழாகப் புதைத்த மாதிரி!

ஒரு செடி, ஒரு ஸ்பீடு பிரேக்கர்

இதெல்லாம் செடி பிழைக்கிற கதை. ஊர் எப்படிப் பிழைக்கிறது?

வெட்டவெளியில் காற்றுக்குத் தடையே கிடையாது. தரையை உரசிக்கொண்டு முழு வேகத்தில் ஓடும். பொடியை அள்ளிக்கொண்டு போகும். நடுவில் ஒரு புதர் நின்றால் அங்கே காற்றின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்ததும் கையில் இருந்த மணலைக் கீழே போட்டுவிடுகிறது. புதருக்குப் பின்னால் மணல் சின்ன மேடாகச் சேரும். வரிசை வரிசையாக, காற்று வரும் திசைக்குக் குறுக்கே நட்டுவிட்டால் வழியெங்கும் ஸ்பீடு பிரேக்கர்! கூடவே, கீழே வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. வளர்ந்த ஒரு சாக்சால் 10 டன் மண்வரை பிடித்துவைக்கும் என்று அங்கே செடி நடுகிறவர்கள் கணக்குச் சொல்கிறார்கள்.

பிறகு, புதரின் அடியில் உதிர்ந்த குச்சியும் சருகும் மக்குகிறது. பூச்சி வருகிறது, பல்லி வருகிறது, அதைத் தேடிப் பறவை வருகிறது. மொட்டைத் தரையாக இருந்த இடத்தில் மெல்ல ஒரு குடித்தனம் ஆரம்பமாகிறது.

2018 கடைசியில் உஸ்பெகிஸ்தான் அரசு இந்த வேலையைப் போர்க்கால வேகத்தில் தொடங்கியது. டிராக்டர்கள் தரையில் சால் ஓட்டின. ஆட்கள் கையால் விதைத்தார்கள். எட்டாத இடத்துக்கு விமானத்திலிருந்தே விதையைத் தூவினார்கள். அரசுக் கணக்குப்படி 10 லட்சம் ஹெக்டேருக்கும் மேல் விதைப்பும் நடவும் நடந்திருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் கஜகஸ்தானும் தன் பங்குக்கு நட்டுக்கொண்டிருக்கிறது.

ஆனால், இது விதையை வீசிவிட்டுக் கைகழுவுகிற வேலை இல்லை. சாக்சால் விதைக்கு இறக்கை உண்டு. காற்றில் பறந்து போகும். உள்ளே கரு ஸ்பிரிங் மாதிரி சுருண்டு, ரெடியாக இருக்கும். ஈரம் பட்டால் போதும், ஒரு நாளுக்குள்கூட விரிந்து வேர் விட்டுவிடும். அவ்வளவு அவசரம்! அந்த அவசரத்துக்கு விலையும் உண்டு. சாதாரணமாக வைத்திருந்தால் விதை ஒரு வருஷம்கூடத் தாங்காது. இலையுதிர் காலத்தில் சேகரித்ததைக் குளிர்காலத்திலோ, பனி உருகுகிற நேரத்திலோ விதைத்தாக வேண்டும். முளைத்த பிறகு ஈரம் தொடராவிட்டால் கதை முடிந்தது. மணல் கலந்த இடத்தில் நன்றாகப் பிடிக்கிறது. உப்பு பொருக்குக் கட்டிய களிமண்ணில் பெரும்பகுதி செத்துப்போகிறது. அதனால்தான் சால் ஓட்டுகிறார்கள். சாலில் மணலும் பனியும் வந்து சேரும். விதைக்கு மெத்தை தயார்.

அதாவது, ஹெக்டேர் கணக்கு வேறு, உயிரோடு நிற்கிற செடியின் கணக்கு வேறு. மரம் நடு விழா முடிந்து ஆறு மாதம் கழித்து உங்க காலேஜ் கிரவுண்டைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும்!

வில்லன் கையில் கோடாலி

உப்பையும் வெயிலையும் ஜெயித்த சாக்சால் தோற்றுப்போன இடம் ஒன்று இருக்கிறது. அது அடுப்பு.

இதன் கட்டை அவ்வளவு கனம். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும்! எரித்தால் நின்று நிதானமாக, கரி மாதிரி கொதிக்கக் கொதிக்க எரியும். மரமே இல்லாத பாலைவனத்தில் குளிர் வாட்டும்போது மக்கள் வேறு என்ன செய்வார்கள்? தலைமுறை தலைமுறையாக வெட்டினார்கள். 'சாக்சால் கரியில் சுட்ட கபாப்தான் டேஸ்ட்' என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. வெட்டினால் மறுபடி அந்த அளவு வர வருஷங்கள் ஆகும். இப்போது வெட்டுவதற்குத் தடைகள் இருக்கின்றன. ஆனால், கேஸ் சிலிண்டர் வராத வீட்டுக்குச் சட்டம் மட்டும் குளிர் காய உதவாது. செடியைக் காப்பாற்ற வேண்டுமென்றால், அந்த வீட்டு அடுப்புக்கும் சேர்த்து வழி சொல்ல வேண்டும்.

அப்படி ஒரு வழியை சீனாவில் பார்க்கலாம். இன்னர் மங்கோலியாவில் அல்ஷா என்ற வறண்ட பகுதி. அங்கே சாக்சால் வேரில் சிஸ்டாங்கே என்ற ஒட்டுண்ணிச் செடி வளரும். பாரம்பரிய சீன மருந்துக்கு அதற்கு நல்ல விலை. 'சாக்சால் நடு, வேரில் சிஸ்டாங்கே வளர்த்து விற்றுக்கொள்' என்றதும், வெட்டுகிற கையே தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தது. மரம் பணமாகிவிட்டால் அதற்கு வாட்ச்மேன் தேவையில்லை!

இதில் செல்போனும் சேர்ந்ததுதான் அடுத்த சுவாரஸ்யம். 2016-ல் சீனாவின் அலிபே செயலியில் 'ஆன்ட் ஃபாரஸ்ட்' என்று ஒரு விளையாட்டு வந்தது. நடந்து போனால், பஸ்ஸில் போனால், பில்லை ஆன்லைனில் கட்டினால் உங்களுக்குப் 'பச்சை சக்தி' கிராம் கணக்கில் சேரும். 17,900 கிராம் சேர்த்துவிட்டால், உங்க பெயரைச் சொல்லி நிஜமான ஒரு சாக்சால் நடப்படும்! பக்கத்து பெஞ்ச் ஃப்ரெண்டின் சக்தியைத் திருடவும் முடியும் என்பதால் காலையில் அலாரம் வைத்து எழுந்து திருடினார்கள். 2019-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு இதற்கு விருது கொடுத்தபோது, 50 கோடிப் பேர் சேர்ந்திருந்தார்கள். பல வகையிலுமாக 12 கோடி மரங்கள் நடப்பட்டிருந்தன.

ஓவர் டோஸும் ஆபத்து

'அப்போ எல்லாப் பாலைவனத்திலும் அடர்த்தியா நட்டுடலாமே?' என்று கையைத் தூக்குகிறீர்களா? உட்காருங்க!

ஈரான் 1960-களிலிருந்தே பறக்கும் மணலை நிறுத்த சாக்சால் நட்டுவந்த நாடு. மணல் நின்றது. ஆனால், சில இடங்களில் நெருக்கி நெருக்கி நட்டுவிட்டார்கள். நிலத்தடி நீர் இறங்க இறங்க, செடிகள் ஒன்றோடொன்று தண்ணீருக்குப் போட்டிபோட்டு வாடின. பாலைவனத்தில் புதருக்கும் புதருக்கும் நடுவே இருக்கிற காலி இடம் சும்மா கிடக்கிற இடம் இல்லை. அது ஒவ்வொரு புதரும் குடிக்கிற தண்ணீரின் எல்லை.

இன்னொரு விஷயம். உப்பைத் தாங்குகிற செடி என்பதற்காக எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் நடக்கூடாது. நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக் கருவேலமும் வறட்சியையும் உப்பையும் தாங்குகிற செடிதான். விறகுக்கு ஆகும் என்று நம்ம வறண்ட மாவட்டங்களில் பரப்பினார்கள். இன்று கண்மாய்க்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு, கோர்ட்வரை போயும் வெளியேற மறுக்கிறது! சாக்சால் ஏரல்கும்மில் சரிப்பட்டு வருவதற்குக் காரணம், அது அந்த மண்ணின் பிள்ளை. சுற்றியிருக்கும் பாலைவனங்களில் ஆயிரமாயிரம் வருஷமாக வாழ்கிற செடி. அதை ராமநாதபுரத்துக்குக் கொண்டுவர வேண்டாம். நம்ம உப்பு மண்ணுக்கு நம்ம உமரியே இருக்கிறது.

செடி செய்யாதது எது?

கடைசியாக ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சாக்சால் ஏரல் கடலைத் திருப்பிக் கொண்டுவராது. மீனைக் கொண்டுவராது. மொய்னாக்கில் நிற்கிற கப்பல்களை ஒரு அடிகூட மிதக்கவிடாது.

தண்ணீர் வந்தால்தான் கடல் வரும். அதற்கும் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 2005-ல் கஜகஸ்தான், உலக வங்கியின் உதவியோடு கோக்-ஏரல் என்ற அணையைக் கட்டி, சிர் தர்யா தண்ணீரை வடக்கு ஏரலிலேயே தேக்கியது. நீர்மட்டம் ஏறியது. உப்பு குறைந்தது. மீன் திரும்பி வந்தது, பின்னாலேயே மீனவர்களும் வந்தார்கள். தெற்குப் பக்கத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆமூ தர்யாவின் தண்ணீரை நம்பி இன்றும் லட்சக்கணக்கான ஏக்கர் வயல்கள் இருக்கின்றன. அந்த விவசாயியிடம் போய் வாய்க்காலை மூடு என்று யார் சொல்வது?

ஆக, சாக்சால் கட்டுப்போடுகிற செடி. வெட்டுப்பட்ட கையை ஒட்டவைக்காது. ரத்தம் போகாமல் நிறுத்தும். கேட்பதற்குச் சின்ன வேலையாகத் தெரியலாம். ஆனால், நூகுஸ் நகரத்தில் ஸ்கூலுக்குப் போகிற ஒரு பொண்ணுக்கு, நாளைக்கு மூச்சில் எவ்வளவு உப்பு போகும் என்பதை அந்தச் சின்ன வேலைதான் தீர்மானிக்கிறது. ஏரியைக் காலி பண்ணிய முடிவை எடுத்தவர்கள் யாரும் இன்று பதவியில் இல்லை. அந்தப் பொண்ணு இருக்கிறாள். அவளுக்காகத்தான் யாரோ ஒருவர் பனியில் குனிந்து விதை போட்டுக்கொண்டிருக்கிறார்.

எம்.பி.பி.எஸ். படிக்க சமர்கண்டுக்கும் தாஷ்கண்டுக்கும் இங்கிருந்து நிறையப் பேர் கிளம்பிப் போகிறீர்கள். லீவு கிடைத்தால் எல்லோரும் நீல டூம் மசூதிகளுக்கு முன்னால் நின்று போட்டோ எடுப்பீர்கள். எடுங்க, தப்பில்லை. நாலு நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தால், மொய்னாக் பக்கமும் ஒரு ரவுண்டு போய்விட்டு வாங்க. துருப்பிடித்த கப்பலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். கொஞ்சம் தள்ளி, முழங்கால் உயரத்தில், இலையே இல்லாமல் ஒரு புதர் வரிசை நின்றுகொண்டிருக்கும். அதற்கும் ஒரு கிளிக்!

போக முடியாதவர்கள் ஒன்று செய்யலாம். இன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் அந்த நாலாவது பெரிய ஏரிக் கேள்வியைக் கேளுங்கள். அவர் பதில் சொன்னதும், மிச்சக் கதையை நீங்க சொல்லுங்க.